கோராட்டில் மூன்று நாள்: காவ் யாய் காடா, பிமாய் கற்கோயிலா?

அக்கா மகன் போன மாதம் அழைத்தான். "மாமா, பாங்காக் டிக்கெட் போட்டாச்சு. அம்மாவும் வர்றாங்க. பட்டாயா வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். மூணு நாள் கையில இருக்கு. காவ் யாய் காட்டுக்குப் போறதா, பிமாய் கோயிலுக்குப் போறதா? ரெண்டும் ஒரே மாகாணம்தானே, ஒரே நாள்ல முடிச்சிடலாமா?"

ஒரே மாகாணம்தான். ஆனால் நக்கோன் ராட்சசீமா பரப்பளவில் தாய்லாந்தின் மிகப்பெரிய மாகாணம், 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். காவ் யாய் அதன் தென்மேற்கு மூலையில் இருக்கிறது, பிமாய் வடகிழக்கில். காட்டின் நடுவிலிருந்து பிமாய் கோயில் வாசலுக்குச் சாலை வழியாகக் கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பி ஆம்பூர் போகிற தூரம். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போனால் பிமாயைப் பார்த்துவிடலாம், காட்டைப் பார்க்க முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நக்கோன் என்பது நகர், ராட்ச என்பது ராஜ, சீமா என்பது எல்லை. நம் 'சீமை'யும் அதே வேரில் வந்ததுதான். அரசின் எல்லையில் இருந்த நகரம் என்று பொருள். பேச்சில் எல்லோருக்கும் அது கோராட்.

என் மருமகனுக்குப் பதில் சொல்லுமுன் நான் திருப்பிக் கேட்டது மூன்றே கேள்விகள். கார் எடுக்கிறாயா? எந்த மாதம்? அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

காடு என்ன கேட்கிறது

காவ் யாய் என்றால் பெரிய மலை. 1962-இல் அறிவிக்கப்பட்ட இது தாய்லாந்தின் முதல் தேசியப் பூங்கா. சுமார் 2,168 சதுர கிலோமீட்டர், நான்கு மாகாணங்களில் பரந்து கிடக்கிறது. கிழக்கே கம்போடிய எல்லையிலுள்ள தா பிராயா வரை தொடரும் காடுகளையும் சேர்த்து 2005-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் இதன் பெயர் டோங் பாயா யென் – காவ் யாய். இதில் டோங் பாயா யென் என்ற முதல் பாதிக்கு ஒரு கதை உண்டு. முன்பு அந்தக் காட்டுக்கு டோங் பாயா ஃபாய் என்று பெயர், நெருப்பு அரசனின் காடு. மலேரியாவுக்குப் பயந்து வைத்த பெயர். அதன் வழியாகக் கோராட்டுக்கு ரயில் பாதை போட்டபோது காய்ச்சலில் செத்தவர்கள் ஏராளம். 1900-இல் ரயில் ஓடத் தொடங்கியது. காட்டின் பெயரிலும் ஒரு கட்டத்தில் 'ஃபாய்' போய் 'யென்' வந்தது, அதாவது குளிர்ச்சி. இன்றும் பாங்காக்கிலிருந்து காவ் யாய்க்குப் பக்கத்து ஊரான பாக் சோங் போகும் ரயில் அந்த வழியில்தான் ஏறுகிறது. சுமார் மூன்று மணி நேரப் பயணம். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்.

முதல் முறை நான் போனது பாங்காக்கிலிருந்து ஒரு நாள் சுற்றுலா வேனில். காலை ஆறரைக்குக் கிளம்பி, இரண்டு மூன்று இடத்தில் ஆள் ஏற்றி, ஏதோ ஒரு கடையில் அரை மணி நேரம் நிறுத்தி, பூங்கா வாசலைத் தாண்டும்போது மணி பதினொன்று. அந்த நேரத்தில் காடு தூங்கிக்கொண்டிருக்கிறது. சாலையோரம் பன்றிவால் குரங்குகள், உணவுக்கூடத்தின் பின்னால் ஒரு கடமான், ஹேவ் சுவாட் அருவியில் தலை தலையாகக் கூட்டம். மூன்று மணிக்கு வேன் திரும்பிவிட்டது. வெளிநாட்டவருக்கான 400 பாட் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு ஊட்டி பூங்காவைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

இரண்டாம் முறை உள்ளேயே கூடாரம் எடுத்தேன். லாம் தாகோங் முகாமில் கூடாரம், படுக்கை, போர்வை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஏதோ கொறிக்கும் சத்தம் கேட்டு டார்ச் அடித்தால், பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் வெளியே விட்டுவைத்த பையை ஒரு முள்ளம்பன்றி சாவகாசமாகப் பிரித்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்தைப் பார்த்து ஓடவும் இல்லை. விடிந்து வெளிச்சம் பரவியபோது கிப்பன் குரங்குகள் ஆரம்பித்தன. முதலில் ஒரு பெண் குரங்கின் நீளக் கூவல். அது மெல்ல ஏறி, உச்சியில் படபடத்து, இறங்கும். அது ஓய்வதற்குள் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கமிருந்து இன்னொரு குடும்பம் எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் போல இது நடந்தது. பிறகு தலைக்கு மேலே கொல்லன் துருத்தி ஊதுகிற மாதிரி 'வூஷ் வூஷ்' என்று ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தால் பெரிய இருவாச்சி ஜோடி. வால்பாறைப் பக்கம் இருவாச்சி பார்த்தவர்களுக்கு அந்தச் சிறகோசை பழக்கமாக இருக்கும், அதே இனம்தான். காவ் யாயில் அதோடு இன்னும் மூன்று வகை இருவாச்சிகள் உண்டு.

இதற்காகத்தான் ஒரே நாள் திட்டம் வேண்டாம் என்கிறேன். காட்டின் நல்ல நேரம் விடியற்காலையும் அந்தி நேரமும். பாங்காக்கிலிருந்து வந்து போகிறவர்களுக்கு இரண்டும் வேனுக்குள்ளேயே கழிந்துவிடும். பாக் சோங் பக்கம் விடுதியில் தங்கினால் பாதி தேறும். வாசல் காலை ஆறு மணிக்குத் திறந்ததும் நுழைந்துவிடலாம். அங்கே வசதியான விடுதிகள், நல்ல சாப்பாடு, ஏசி எல்லாம் உண்டு. ஆனால் வாசலிலிருந்து பூங்காவின் மையத்துக்கு இன்னும் 14 கிலோமீட்டர் மலைப்பாதை. எனவே குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் ஒரு இரவை வெளியேயும் ஒரு இரவை உள்ளேயுள்ள வனத்துறை அறையிலும் கழிப்பது நல்லது. அறைகள் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில்தான் பதிவாகும். வார இறுதிக்கும் புத்தாண்டு வாரத்துக்கும் கடைசி நேரத்தில் தேடிப் பயனில்லை, பாங்காக் முழுவதும் அங்கேதான் இருக்கும்.

கார் விஷயம் முக்கியம். பாக் சோங்கிலிருந்து வாசல் வரை சாங்தேவ் ஓடுகிறது. பின்பக்கம் இரண்டு வரிசை பெஞ்சு போட்ட வண்டி அது, ஷேர் ஆட்டோவின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பொதுப் போக்குவரத்து கிடையாது. வருகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்திப் போகிறவர்கள் உண்டு. அக்காவை வைத்துக்கொண்டு அதைச் செய்ய மாட்டோம். தாய்லாந்தில் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துப் போனால் போதும். வழியில் யானை நின்றால் 30 மீட்டராவது இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். ஹார்ன் அடிக்கக் கூடாது, இன்ஜினை அணைக்கக் கூடாது, அது நெருங்கி வந்தால் மெதுவாகப் பின்னால் எடுக்க வேண்டும். கார் எடுக்காதவர்கள் பாக் சோங்கிலேயே ஒன்றரை நாள் வழிகாட்டிப் பயணம் எடுக்கலாம். முதல் நாள் மாலையில் பூங்காவுக்கு வெளியே வௌவால் குகை, அடுத்த நாள் முழுக்கக் காடு என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. அந்தி நேரத்தில் லட்சக்கணக்கான வௌவால்கள் புகை மாதிரி நெளிந்து வெளியேறுவதைச் சிறுவர்கள் மறக்க மாட்டார்கள்.

எந்த மாதம் என்பதற்கு இரண்டு பதில். நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர், நடக்கச் சுகம், ஸ்வெட்டர் அவசியம். அருவி வேண்டுமென்றால் ஜூலை முதல் அக்டோபர் வரை, ஆனால் அப்போது அட்டை இருக்கும். ஷூவுக்கு உள்ளே, முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணி உறை பார்வையாளர் மையத்தில் கிடைக்கும். கூச்சப்படாமல் வாங்கிப் போடுங்கள். நான் முதல் முறை வீரம் காட்டியதில், திரும்பி வந்து காலுறையைக் கழற்றியபோது கணுக்காலில் நான்கு சிவப்புப் புள்ளிகள். வலிக்கவே வலிக்காது, ரத்தம் மட்டும் நிற்காது. மார்ச், ஏப்ரலில் போனால் அருவி இருக்கும் இடத்தில் பாறைதான் இருக்கும்.

அருவிகளில் பெரியது ஹேவ் நரோக், மூன்று அடுக்காகச் சுமார் 150 மீட்டர். நரோக் என்பது நம் நரகமேதான். 2019 அக்டோபரில் இதன் உச்சியிலிருந்து விழுந்த யானைக் கூட்டத்தில் 11 யானைகள் செத்தன. பார்க்குமிடத்துக்கு இறங்க நிறையப் படிகள் உண்டு, முழங்கால் வலிக்காரர்கள் ஹேவ் சுவாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று. பூங்காவுக்குள் மது கிடையாது, ஃபோம் பெட்டிகளும் கிடையாது. 2020-இல் கூடாரத்தில் குப்பையை விட்டுப் போனவர்களின் முகவரியைத் தேடி, அவர்கள் குப்பையை அட்டைப்பெட்டியில் கட்டி அவர்களுக்கே தபாலில் அனுப்பி வைத்தார்கள். நம் மலைவாசஸ்தலங்களிலும் யாராவது இதைத் தொடங்கினால் தபால்துறை பிழைத்துக்கொள்ளும்.

கல் என்ன கொடுக்கிறது

பிமாய் இதற்கு நேர் எதிர். பேருந்து போதும், கூடாரம் வேண்டாம், அட்டை இல்லை, விடியற்காலையில் எழ வேண்டியதில்லை. கோராட் நகரின் இரண்டாம் பேருந்து நிலையத்திலிருந்து 60 கிலோமீட்டர், சுமார் ஒன்றரை மணி நேரம். பேருந்திலிருந்து இறங்கிச் சிறிது நடந்தால் கோயில். சிறிய ஊரின் நடுவே, கடைவீதிக்குப் பக்கத்தில் அது நிற்கிறது. கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் இருந்த கோட்டை நகரம் நீளத்தில் சுமார் ஒரு கிலோமீட்டர், அகலத்தில் அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இது கம்போடியாவின் அங்கோரிலிருந்து ஆண்ட கெமர் அரசர்களின் காலத்துக் கோயில். 11-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 12-இன் தொடக்கத்திலும் கட்டப்பட்டது, அங்கோர் வாட்டுக்குக் கொஞ்சம் முந்தியது. நடுவிலிருக்கும் வெள்ளை மணற்கல் விமானம் 28 மீட்டர் உயரம். தாய் மொழியில் இதைப் பிராசாத் ஹின் பிமாய் என்கிறார்கள். பிராசாத் என்பது நம் சிற்ப நூல்கள் சொல்லும் பிராசாதம், அதாவது கோயில் கட்டடம், ஹின் என்றால் கல். கல்வெட்டுகளில் ஊரின் பெயர் விமாயபுரம். கோபுரம் என்ற சொல்லையும் இங்கே தொல்லியலார் வாசல் கட்டடத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மதுரையை மனத்தில் வைத்துப் போகாதீர்கள், இங்கே வாசல் தாழ்வு, கருவறைக்கு மேலேதான் உயரம். தஞ்சாவூர் மாதிரி.

கெமர் கோயில்கள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்திருக்கும். பிமாய் தென்கிழக்கைப் பார்க்கிறது. அங்கோர் இருக்கும் திசை அது என்பதே பலரும் சொல்லும் காரணம். இரண்டுக்கும் நடுவே ஒரு ராஜபாட்டை இருந்தது. கெமர் அரசன் ஏழாம் ஜெயவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அந்தப் பாதையில் 17 தங்குமிடங்கள் இருந்ததாகச் சொல்கிறது. நம் சத்திரம் போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஏழாம் ஜெயவர்மன் என்று கருதப்படும் சிலை கோயில் வளாகத்திலேயே கிடைத்தது. கை இரண்டும் உடைந்து, கண் தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறார். மூலச் சிலை பிமாய் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கோயிலில் இருப்பது பிரதி. அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். செதுக்கிய உத்தரக் கற்களைக் கோயிலில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள், அங்கே கண் மட்டத்தில் நின்று பார்க்கலாம்.

கோயிலில் நான் அதிக நேரம் நின்ற இடம் இரண்டு. ஒன்று, தெற்கு முகப்பு. பல கைகளோடு ஆடும் சிவன். மழையும் காலமும் தேய்த்ததில் முகம் மழுங்கிவிட்டது, கால் எடுத்த விதம் மட்டும் அப்படியே இருக்கிறது. வெளிச்சுவர் உத்தரங்களில் ராமாயணக் காட்சிகள், வானரங்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டு உள்ளே போனால், நாகம் குடை பிடிக்க அமர்ந்திருக்கும் புத்தர்! உள் உத்தரங்கள் அத்தனையும் மகாயான பௌத்தம். வெளியே சிவனும் ராமனும், உள்ளே புத்தர், ஒரே கட்டடத்தில் சண்டையில்லாமல். இன்னொன்று, கருவறைத் தரையில் வெட்டிய ஒரு சிறு வாய்க்கால். அபிஷேக நீர் சுவருக்கு அப்பால் வெளியேற வழி அது. சோமசூத்திரம் என்று குறிக்கிறார்கள். நாம் கோமுகி என்போம். எத்தனை பிரகாரத்தில் கோமுகிக்குப் பக்கத்தில் குனிந்து தீர்த்தத்தைத் தலையில் தெளித்திருக்கிறோம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, புத்தர் கோயிலின் தரையில் அதே ஏற்பாட்டைப் பார்த்ததும் கை தானாக நீண்டது. தண்ணீர்தான் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இன்று நாம் காண்பது 1960-களில் தாய்லாந்து நுண்கலைத் துறை பிரெஞ்சுத் தொல்லியலாளர் பெர்னார்ட் ஃபிலிப் குரோஸ்லியேவின் உதவியோடு கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, மறுபடி அடுக்கிய கோயில். 1989-இல் வரலாற்றுப் பூங்காவாகத் திறந்தார்கள். மரம் முளைத்த சிதிலங்களைப் படங்களில் பார்த்து, அந்த எதிர்பார்ப்போடு போகிறவர்களுக்கு வெட்டிய புல்லும் நேர் பாதையும் சப்பென்று இருக்கும். எனக்குப் பரவாயில்லை. கட்டடத்தின் கணக்கு புரிகிறது.

நேரம்? கோயிலுக்கு இரண்டு மணி, அருங்காட்சியகத்துக்கு ஒன்று, ஊருக்கு வெளியே மூன் ஆற்றுக் கரையிலுள்ள சாய் ங்காம் ஆலமரத்துக்கு ஒன்று. விழுதுகளுக்கு நடுவே நடக்கப் பாதை இருக்கிறது, கோயிலில் சலித்துப்போன குழந்தைகள் அங்கேதான் உயிர்பெறும். ஆக அரை நாள், தாராளமாகப் பார்த்தால் முக்கால் நாள். நிழல் குறைவு என்பதுதான் ஒரே குறை. ஏப்ரலில் நடுப்பகலில் போனால் கல் சுடும், காலையில் திறந்ததும் அல்லது நான்கு மணிக்கு மேல் போங்கள். தரை பெரும்பாலும் சமம். நாகப் பாலத்தில் ஏறுவதற்குச் சில படிகளும், வாசல்களில் உயரமான நிலைப்படிகளும் மட்டும் உண்டு. கையைப் பிடித்துக்கொண்டால் அக்கா தாண்டிவிடுவார். நுழைவுக் கட்டணமும் காட்டைவிடக் குறைவு.

பிமாய்க்குப் பதில் பக்கத்து புரிராம் மாகாணத்துப் பனோம் ருங் போகலாமா என்றும் கேட்பார்கள். கட்டடம் நிற்கும் இடத்தின் அழகில் பனோம் ருங்தான் முந்தும். அணைந்த எரிமலையின் உச்சியில் சிவன் கோயில், வரிசையாகப் பதினைந்து வாசல்கள், வருடத்தில் சில நாட்கள் மட்டும் சூரியன் அத்தனையிலும் ஊடுருவும். ஆனால் ஏற்றம் உண்டு, பேருந்தும் அடிவாரம் வரை நேராகப் போகாது. கார் இல்லாதவர்களுக்குப் பிமாய், கார் இருந்து காட்டை விட்டுவிட்டவர்களுக்குப் பனோம் ருங்.

நடுவில் இருப்பவை

பெரும்பாலோர் வண்டியை நிறுத்தாமல் போகும் இடங்கள் சில உண்டு. பாக் சோங்கிலிருந்து கோராட் வரும் வழியில் சுங் நோன். அங்கே முவாங் சேமா என்ற, கெமர்களுக்கு முந்தைய துவாரவதி காலத்து நகரத்தின் அகழியும், பக்கத்துக் கிராமத்து விகாரையில் மணற்கல்லால் ஆன சயன புத்தரும் இருக்கிறார்கள். இந்த நாட்டின் மிகப் பழைய சயன புத்தர் சிலைகளில் ஒன்று, பிமாய்க்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது. பல கற்பலகைகளை அடுக்கிச் செதுக்கிய முகம், மூட்டுகள் தெரிய, பாதித் தூக்கத்தில் இருப்பது போல. நான் போனபோது ஒரு பாட்டியும் பூனையும் தவிர யாரும் இல்லை. கோராட்டைத் தாண்டிப் பிமாய் வழியில் பனோம் வான், சிறிய கெமர் கோயில். உள்ளே புத்தர் சிலைகளுக்கு இன்றும் ஊர்க்காரர்கள் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். கார் இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

காட்டிலும் மாற்று உண்டு. காவ் யாய்க்குக் கிழக்கே தாப் லான், அதே உலக மரபிடத்தின் பகுதி. லான் என்பது நம் தாளிப்பனையின் நெருங்கிய உறவு, தாய் மக்கள் சுவடி எழுதியது அந்த ஓலையில். கூட்டமே இருக்காது. சாகேராட்டில் 1976 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் இருக்கிறது, ஆனால் அது ஆராய்ச்சி நிலையம், சுற்றுலாக்காரர்களுக்கு அவ்வளவு பொருந்தாது. முதல் பயணத்துக்கு இரண்டையும் நான் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டில் கோராட்டின் பெயர் சொல்வது பாட் மீ கோராட், புளியும் வெல்லமும் காரமும் கலந்து வறுத்த அரிசி நூடுல்ஸ். சைவக்காரர்கள் மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தாக 'ஜே' என்று போட்ட கடையைத் தேடுங்கள், அங்கே மீன் சாறுகூடக் கிடையாது. மற்ற கடைகளில் 'மாய் சாய் நாம் ப்லா', மீன் சாறு போடாதீர்கள், என்று சொல்லிப் பாருங்கள். காட்டு உணவுக்கூடத்தில் தேர்வு கம்மி, அக்காவுக்குப் புளிக்காய்ச்சல் கையில் இருப்பது நல்லது.

என் தீர்ப்பு

கார் இல்லை, இரண்டு நாள்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிமாய். கோராட் நகரில் ஒரு இரவு தங்கிக் காலைப் பேருந்தில் போய் வரலாம். இரண்டு நாள், கார் உண்டு, நடக்கத் தெம்பு உண்டு என்றால் காவ் யாய் மட்டும். பிமாயை ஓரமாகச் செருக நினைக்காதீர்கள். மூன்று நாளும் காரும் இருந்தால் இரண்டும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் காடு, பிறகு கல். மழையோ, காணக் கிடைக்காத யானையோ காட்டில் நம் கணக்கைக் குலைக்கும், அப்போது இன்னொரு காலை நேரம் கையில் வேண்டும். கோயிலை வரிசையில் பின்னுக்கு வைத்தால் அங்கிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தைக் கடன் வாங்கலாம். கோயிலை முதலில் வைத்தால் காட்டுக்குக் கடன் கொடுக்க ஆள் இல்லை.

இதை மருமகனிடம் சொன்னபோது ஸ்பீக்கரில் அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார். "யானையை நான் முதுமலையிலேயே பாத்துட்டேன்டா தம்பி. சிவன் ஆடுறார்னு சொன்னியே, அங்க மொதல்ல போலாம்" என்றார். பின்னாலிருந்து பேரன், "முள்ளம்பன்றி!" என்று கத்தினான்.

டிசம்பரில் போகிறார்கள். முதல் இரவு பாக் சோங் விடுதி, இரண்டாம் இரவு பூங்கா அறை, மூன்றாம் நாள் காலைச் சாப்பாடு முடித்துச் சுங் நோன் வழியாகப் பிமாய், அன்றிரவே கோராட்டிலிருந்து பாங்காக். பூங்கா அறைக்கு நேற்றுப் பணம் கட்டியாயிற்று. அக்காவிடம் வரிசையை மாற்றிவிட்டதை இன்னும் யாரும் சொல்லவில்லை.